அட்டை ஒன்று, உடல் வேறு: 1943ஆம் ஆண்டுக் குற்றக்கதை காமிக்ஸ் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சென்ற குளிர்காலத்தில் டொரொன்டோவின் ஸ்காபரோவிலுள்ள என் வீட்டு வாசலில் ஒரு தட்டையான பார்சல் வந்து கிடந்தது. இரண்டு கார்ட்போர்டுக்கு நடுவே, மங்கிப்போன பாலிதீன் உறைக்குள், ‘க்ரைம் டஸ் நாட் பே’ இதழின் 1943ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று. ஏலத்தில் நான் எடுத்தது. விற்றவர் விவரத்தில் மூன்று விஷயம் எழுதியிருந்தார்: பிரதி முழுமையானது, எந்தத் திருத்த வேலையும் செய்யப்படாதது, கிரேடு (நிலைக்குப் பத்துக்கு இடும் மதிப்பெண்) 4.0. நாலாவதாக ஒரு குடும்பக் கதையும் இருந்தது. அவர் வீட்டுப் பெரியவர் ஒருவர் சிறுவனாக இருந்தபோது, 1943இல், டொரொன்டோவில் ஒரு மருந்துக்கடையில் 10 சதம் கொடுத்து வாங்கினாராம். அன்று தொட்டு அந்தப் பிரதி குடும்பத்தை விட்டு வெளியே போகவில்லையாம்.

அந்த நாலில் மூன்று பொய்த்துப்போயின. நாலாவதான குடும்பக் கதையும் ஆட்டம் கண்டது. அது எப்படித் தெரியவந்தது என்பதைப் படிப்படியாக எழுதி வைக்கிறேன். போர்க்காலக் குற்றக்கதை இதழ்களைத் தேடத் தொடங்கியிருக்கும் நம் ஆட்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் இதே போன்ற பிரதிகள்தான் கையில் அகப்படப் போகின்றன. இதழின் எண்ணை மட்டும் சொல்லவில்லை, அது விற்றவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அவர் தெரிந்தே செய்தார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

எது இந்த இதழ்

லெவ் க்ளீசன் என்ற நியூயார்க் பதிப்பாளர் ‘சில்வர் ஸ்ட்ரீக் காமிக்ஸ்’ என்ற சாகச இதழை நடத்திவந்தார். அது 21 இதழோடு நின்றது. 1942 ஜூலை தேதியிட்ட 22ஆம் இதழில் தலைப்பும் உள்ளடக்கமும் மாறின. முகமூடி வீரர்களின் இடத்தை உண்மைக் கொலைகாரர்களும் வங்கிக் கொள்ளையரும் பிடித்துக்கொண்டார்கள். ‘க்ரைம் டஸ் நாட் பே’ என்றால் குற்றம் பலன் தராது என்று பொருள். எம்ஜிஎம் நிறுவனம் அதே பெயரில் குறும்பட வரிசை ஒன்றை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தது. பழைய எண்ணைத் தொடர்ந்ததால் இந்தத் தலைப்பின் முதல் இதழ் 22 என்றே இருக்கிறது. புதிதாக வருபவர்கள் 1ஆம் எண்ணைத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று கிடையாது.

ஆசிரியர்கள் சார்ல்ஸ் பைரோ, பாப் வுட் என்ற இருவர். ஆரம்ப இதழ்களின் அட்டைகளை பைரோதான் வரைந்தார். அவை கடையில் தொங்கும்போது தெருவில் போகிறவனை நிறுத்தும். 24ஆம் இதழின் அட்டையில் ஒருவன் பெண்ணின் முகத்தை எரியும் அடுப்பில் அழுத்துகிறான். 1942 நவம்பர் தேதியில், பிள்ளைகள் வாங்கும் தட்டில் இது இருந்தது. அதே இதழில்தான் ‘மிஸ்டர் க்ரைம்’ அறிமுகமாகிறான். உயரத் தொப்பி, கோரைப் பல், பேய் போன்ற உருவம். குற்றவாளியின் காதுக்குள் ஓதிக்கொடுத்து, கடைசியில் அவனைக் கைவிட்டுச் சிரிப்பவன். தலைப்பில் ‘க்ரைம்’ என்ற சொல் அட்டையின் மேற்பகுதியை அடைத்து நிற்கும், ‘பலன் தராது’ என்ற பகுதி சின்ன எழுத்தில் ஓரமாக இருக்கும். 1954இல் வந்த காமிக்ஸ் தணிக்கை விதிகள் இதையும் விடவில்லை. தலைப்பிலுள்ள மற்றச் சொற்களைவிட ‘க்ரைம்’ குறிப்பிடும்படி பெரிதாக இருக்கக் கூடாது என்று ஒரு விதியே எழுதினார்கள்.

அந்த வன்முறைக்காக நான் இவற்றைச் சேர்க்கவில்லை. ஒரு நாடு முழுக்கப் போரில் நின்ற நேரத்தில், பத்துச் சதத் தாளில் அந்த நாட்டு மக்கள் எதைப் படித்தார்கள், எதைக் கண்டு பயந்தார்கள் என்பது இவற்றில் இருக்கிறது. கதை முடியும் பக்கத்தில் மின்நாற்காலி, அடுத்த பக்கத்தில் போர்ப் பத்திரம் வாங்கச் சொல்லும் விளம்பரம். இரண்டும் ஒரே தாளில் அச்சானவை.

ஏன் இவ்வளவு குறைவு

அச்சடித்தது குறைவு என்பது முதற்காரணமல்ல. நாற்பதுகளின் பிற்பகுதியில் இந்த இதழ் மாதம் 60 லட்சம் வாசகர்கள் என்று தன் அட்டையிலேயே போட்டுக்கொண்டது. ஒரு பிரதி பல கை மாறும் என்ற கணக்கில் சொன்னது அது. அதில் கொஞ்சம் தள்ளிவிட்டாலும் ஏராளம்தான். போர்க்கால எண்ணிக்கை அதைவிடக் கீழே, ஆனாலும் அபூர்வமாகும் அளவுக்குக் கீழே இல்லை.

அவற்றை முதலில் அழித்தது நாட்டுப்பற்று. அமெரிக்காவில் போர்க்காலத்தில் தாள் தட்டுப்பாடு. வெடிமருந்துப் பெட்டிக்கும் ரேஷன் பொதிக்கும் அட்டை வேண்டும் என்று பழைய தாள் சேகரிக்கும் இயக்கம் நடந்தது. சாரணச் சிறுவர்கள் கைவண்டி தள்ளிக்கொண்டு வீடுவீடாகப் போனார்கள். வீட்டில் இருந்த காமிக்ஸ் கட்டைத் தூக்கிக் கொடுத்தவனும் சிறுவன், வாங்கிக்கொண்டு போனவனும் சிறுவன். 1943 தொடக்கத்தில் பத்திரிகைகளுக்கான தாள் அளவும் கட்டுப்படுத்தப்பட்டது. அட்டையோடு 68 பக்கம் இருந்த காமிக்ஸ்கள் 60 ஆகி, 52க்கு இறங்கின. விலை மட்டும் 10 சதத்திலேயே நின்றது.

இரண்டாவது அழிவு போர் முடிந்தபின் பயத்தால் வந்தது. மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தம் 1948இல் கோலியர்ஸ் இதழுக்குக் கொடுத்த பேட்டியில் காமிக்ஸ்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்றார். அதே ஆண்டு அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சர் ஊரில் பள்ளிப் பிள்ளைகளே சுமார் 2,000 பிரதிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் இன்னொரு தீ. அந்தப் புகைப்படங்களில் பிள்ளைகள் நெருப்பைச் சுற்றி வட்டமாக நிற்கிறார்கள். நூலகம் எரிந்த 1981ஐ நினைவில் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தவன் எவனுக்கும் எரியும் தாளின் படத்தைச் சும்மா கடந்துபோக முடியாது. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் என் கை அந்தப் பக்கத்தைத் திருப்ப நேரம் எடுத்தது.

வெர்தமின் ஆய்வுக் குறிப்புகளைப் பின்னாளில் பார்த்த கரோல் டில்லி என்ற ஆய்வாளர், பிள்ளைகள் சொன்னதை அவர் மாற்றியும் கூட்டியும் எழுதியிருந்ததை 2012இல் வெளிக்கொண்டுவந்தார். தீயில் போனது போனதுதான்.

மூன்றாவது அழிவு தாளுக்குள்ளேயே இருக்கிறது. செய்தித்தாள் ரகத் தாளில் மரத்தின் லிக்னின் அப்படியே கிடக்கும். அது காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து அமிலமாகும். முதலில் ஓரம் மஞ்சளாகும், பிறகு பழுப்பு, கடைசியில் அப்பளம்போல் நொறுங்கும். சேகரிப்பாளர்கள் தாளை வெள்ளை, மங்கல் வெள்ளை, க்ரீம், நொறுங்கல் என்று தரம் பிரிப்பது இதற்காகத்தான். கொலராடோவில் எட்கர் சர்ச் என்ற விளம்பர ஓவியர், வரைவதற்கு மாதிரியாக இருக்கட்டும் என்று காமிக்ஸ் வாங்கி வீட்டில் நெருக்கமாக அடுக்கி வைத்திருந்தார். 1977இல் சக் ரொசான்ஸ்கி என்ற வணிகர் அந்தச் சேகரிப்பை வாங்கித் திறந்தபோது, நாற்பதுகளின் இதழ்கள் நேற்று அச்சானவைபோல் வெள்ளையாக இருந்தன. வறண்ட குளிர்ந்த காற்று, காற்றுப் புகாத அடுக்கு, எடுத்துப் புரட்டாத கை. அந்த மூன்றும் ஒரே வீட்டில் அமைந்தது அபூர்வம். எனக்கு வந்த பிரதி அந்த வகைப்பட்டதல்ல.

மேசையில் வைத்துப் பார்த்தது

உறையிலிருந்து எடுத்ததும் முகர்ந்தேன். பழைய தாளின் இனிப்பு வாசம் இருந்தது, பூஞ்சை இல்லை. அட்டையின் சிவப்பு நன்றாக நின்றது. அட்டையின் முதுகு மட்டும் ஒரே கறுப்பாக, வயதுக்கு மீறிய பளபளப்பாக இருந்தது. அட்டையைத் திறந்து உள்பக்கம் பார்த்தேன். முதுகை ஒட்டிக் கறுப்பு மை உள்ளே ஊறி, எறும்பு ஊர்ந்ததுபோல் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தது. அச்சு மை அப்படி ஊறாது. புறஊதாக்கதிர் டார்ச்சை அடித்தேன். மடிப்பில் வெள்ளை தெரிந்த இடங்களை யாரோ மார்க்கர் பேனாவால் மூடியிருப்பது தனியாக எழுந்து நின்றது. திருத்த வேலை இல்லை என்ற வாக்கு அங்கேயே உடைந்தது. தரம் பிரிக்கும் நிறுவனத்துக்கு அனுப்பினால் திருத்தப்பட்டது என்ற ஊதா லேபிள் விழும், விலை இறங்கும்.

அதன்பின் பக்கங்களை எண்ணினேன். சரியாக இருப்பதாகத்தான் பட்டது. இங்கேதான் நான் தவறினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முன்பு யாழ்ப்பாணத்தில் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்த ஒரு அண்ணையிடம் பிரதியைக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளைத் தொடாமல் முதலில் தாள்களைச் சேர்த்துக் குத்தியிருந்த கம்பிப் பின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, பக்கத்தை எண்ணினனீரோ, வாசிச்சனீரோ?”

“எண்ணினனான் அண்ணை. நாலாலை பிரியுது.”

“நடுவிலை ஒரு தாளைக் கழட்டினாலும் நாலாலைதான் பிரியும். வாசியும்.”

ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம். நடுத்தாள் முழுதாகக் கழன்றால் நாலு பக்கம் போகும், மிச்சம் எப்போதும் நாலால் வகுபடும். இதழின் சரியான பக்கத்தொகை தெரியாமல் எண்ணுவதில் பயனில்லை. போர்க்காலத்தில் பக்கத்தொகையே இறங்கிக்கொண்டிருந்ததால் நினைவை நம்பவும் முடியாது. அங்கேயே இருந்து வாசித்தேன். நடுவில் கதை தாவியது. ஒரு பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் தப்பி ஓடுகிறவன் அடுத்த பக்கத்தின் முதல் கட்டத்தில் நீதிமன்றத்தில் நிற்கிறான். வேகமாகப் புரட்டும் கண்ணுக்குக் கதாசிரியர் சுருக்கிவிட்டார் என்றே தோன்றும்.

வீட்டுக்கு வந்து ஒப்பிட்டேன். க்ளீசனின் இதழ்களுக்கு இப்போது பதிப்புரிமை இல்லை, அதனால் டிஜிட்டல் காமிக் மியூசியம் போன்ற தளங்களில் முழு இதழும் ஸ்கேனாகக் கிடைக்கிறது. பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்ததில் நாலு பக்கம் இல்லை என்பது உறுதியானது. அதோடு பின்பகுதியில் ஒரு விளம்பரக் கூப்பன் வெட்டப்பட்டிருந்தது. அதன் மறுபக்கத்தில் இருந்த ஒரு கட்டமும் கூடவே போயிருந்தது. வெட்டு நேராக இல்லை, சிறுவர் கத்தரிக்கோலின் வளைவு. யாரோ ஒரு பிள்ளை எதையோ தபாலில் வரவழைக்க ஆசைப்பட்டிருக்கிறது. என் கையில் இருந்த எல்லாக் குறைகளிலும் இந்த ஒன்று மட்டும் என்னைக் கோபப்படுத்தவில்லை.

அண்ணை பின்னைப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான் எல்லாவற்றிலும் பெரிது. “இந்தப் பின்னும் இந்த அட்டையும் கனகாலம் ஒண்டா இருக்கேல்லை,” என்றார். காரணத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அட்டையின் உள்பக்கத்தில் பின் துளைகளைச் சுற்றித் துவரம்பருப்பு அளவில் துருக்கறை. பின்னிலோ துருவே இல்லை. அட்டைக்கு அடுத்த முதல் தாளிலும் அந்த இடத்தில் கறை இல்லை. பின் துருப்பிடித்தால் அது அட்டையோடு நிற்காது, தொட்டிருக்கும் தாளிலும் இறங்கும். அட்டை முதுகில் இரண்டுக்குப் பதில் நாலு துளை. பழைய இரண்டைச் சுற்றிக் கறை, புதிய இரண்டு சுத்தம். உள்தாள்களில் இரண்டே துளை, அவை அட்டையின் புதிய துளைகளோடு மட்டும் பொருந்தின.

இப்போது நடுவில் இருக்கும் தாளையும் காட்டினார். பின்னின் கால்கள் மடங்கி எண்பது வருடம் அழுத்தினால் தாளில் தழும்பு விழும். அந்தத் தாளில் தழும்பே இல்லை, நேற்றுக் குத்தியதுபோல் இருந்தது. அந்தத் தழும்பைத் தாங்கிய தாள் கழன்று போய்விட்டது.

ஆக, நடந்தது இது. ஒரு பிரதியின் அட்டை தப்பியது, உடல் போனது. இன்னொரு பிரதியின் உடல் தப்பியது, அட்டையும் நடுத்தாளும் போயின. யாரோ இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து, முதுகுக்கு மை பூசி, ஒரு பிரதியாக்கிவிட்டார்கள். ஜோடி சேர்த்த பிரதி என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இதைத்தான். சொல்லிவிட்டு விற்றால் அதில் பாவமில்லை. இப்படிச் சேர்க்காவிட்டால் இரண்டு துண்டும் குப்பைக்குப் போயிருக்கும் என்பதும் உண்மை. சொல்லாமல் விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வாங்குகிறவன் காசை இழப்பதோடு, அந்தத் தாள் என்ன பாடுபட்டு வந்தது என்ற தகவலும் அழிந்துபோகிறது.

மருந்துக்கடைக் கதை

குடும்பக் கதையை நான் முதலில் நம்பியிருந்தேன், விலை ஏற்றியதும் அதனால்தான். பிறகு சட்டங்களைத் தேடிப் படித்தபோது அதுவும் ஆட்டம் கண்டது.

1940 டிசம்பரில் கனடா போர்க்கால அந்நியச் செலாவணிப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்க டாலர் வெளியே போகாமலிருக்க, அவசியமற்ற பொருள்களின் இறக்குமதியை நிறுத்தினார்கள். காமிக்ஸும் அந்தப் பட்டியலில் விழுந்தது. அந்த இடைவெளியில்தான் கனடாவுக்கென்று சொந்தக் காமிக்ஸ் பிறந்தது. டொரொன்டோவில் பெல் ஃபீச்சர்ஸும் ஆங்க்லோ-அமெரிக்கனும், வான்கூவரில் மேப்பிள் லீஃபும் இதழ்கள் போட்டன. அட்டை வண்ணத்தில், உள்ளே கறுப்பு வெள்ளை. இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் அவற்றைக் கனேடிய வெள்ளைகள் என்று அழைக்கிறார்கள். 1943இல் டொரொன்டோ மருந்துக்கடைத் தட்டில் ஒரு சிறுவன் பத்துச் சதத்துக்கு எடுத்திருக்கக்கூடியது அவற்றில் ஒன்றைத்தான். எல்லை தாண்டி யாராவது பையில் கொண்டுவந்திருக்கலாம், அது நடந்தே இருக்கும். ஆனால் கடையில் வெளிப்படையாக வாங்கினார் என்பது நிற்காது. அதைவிட, ஒரே வீட்டில் இருந்த பிரதிக்கு இரண்டு உடம்பு வர வழியில்லை.

போருக்குப் பிறகும் கனடாவில் இந்த இதழ்களின் பாதை நேராக இல்லை. 1948 நவம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் டாசன் கிரீக் பக்கத்தில் 13, 11 வயதுச் சிறுவர் இருவர் வழிப்பறி விளையாட்டாகச் சுட்டதில் ஒருவர் இறந்தார். அவர்கள் நிறையக் குற்றக்கதைக் காமிக்ஸ் படித்தவர்கள் என்று விசாரணையில் பேசப்பட்டது. காம்லூப்ஸ் தொகுதி எம்பி டேவி ஃபுல்டன் மசோதா கொண்டுவந்தார். 1949 டிசம்பரில் குற்றக்கதைக் காமிக்ஸை அச்சிடுவதும் விற்பதும் கனடாவில் குற்றவியல் சட்டப்படி குற்றமாகியது. அந்தப் பிரிவு நீக்கப்பட்டது 2018 டிசம்பரில்தான். அதுவரை நான் டொரொன்டோக் காமிக்ஸ் சந்தைகளில் வாங்கியவற்றில் சிலவற்றை விற்பதைச் சட்டம் எழுத்தளவில் தடுத்திருந்தது. என் காலத்தில் யாரும் யாரையும் பிடித்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் ஒரு தலைமுறை கடைக்காரர்கள் இவற்றைத் தட்டில் வைக்கத் தயங்கியதற்கும், கனேடிய வீடுகளின் நிலவறைப் பெட்டிகளில் இவை அரிதாக அகப்படுவதற்கும் அதில் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் ‘ஒன்டாரியோவில் முதல் உடைமையாளர் வைத்திருந்த போர்க்கால அமெரிக்கப் பிரதி’ என்று யாராவது எழுதினால், கதையை வாங்காமல் தாளை மட்டும் வாங்குங்கள்.

என்ன செய்தேன்

படங்களோடு விற்றவருக்கு எழுதினேன். துளை, துரு, மை, தாவிய பக்கம் எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டுக் காட்டினேன். மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள், தானும் இன்னொருவரிடம் அந்தக் கதையோடுதான் வாங்கியதாக எழுதி, திருப்பி அனுப்பச் சொன்னார். இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. திருப்பி அனுப்பினால் அதே விவரத்தோடு அடுத்த மாதம் ஏலத்தில் ஏறும், இன்னொருவன் ஏமாறுவான். வைத்துக்கொள்கிறேன், உண்மையான நிலைக்கு ஏற்ற விலை போடுங்கள் என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார். நான் கட்டியதில் பாதிக்கும் மேல் திரும்பி வந்தது.

மையை எடுக்க முயலவில்லை. மார்க்கர் மையைக் கரைப்பானால் எடுக்கப் போய் அச்சு வண்ணத்தையும் சேர்த்துத் துடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிய பின்னையும் கழற்றவில்லை. ஸ்கேனிலிருந்து நடுத்தாளை அச்சடித்து உள்ளே வைக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். பத்து வருடம் கழித்து என் பெட்டியைத் திறப்பவர் அதை அசல் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருப்பதால் வேண்டாம் என்றேன். மைலார் என்ற தெளிந்த பாலியெஸ்டர் உறை, அமிலமற்ற கார உப்புச் சேர்த்த அட்டை, ஈரமில்லாத அலமாரி. அவ்வளவுதான் செய்தேன்.

உறையின் பின்னே ஒரு தாள் செருகியிருக்கிறேன். அதில் எழுதியிருப்பது: அட்டை ஒரு பிரதியிலிருந்து, உடல் வேறு பிரதியிலிருந்து. நடுத்தாள் இல்லை. ஒரு கூப்பனும் அதன் பின்கட்டமும் இல்லை. முதுகில் மார்க்கர் மை. அதற்குக் கீழே அட்டையின் பழைய துளைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம், மேல் ஓரத்திலிருந்து முதல் துளை வரை எவ்வளவு, கறையின் அகலம், எல்லாம் மில்லிமீட்டரில் குறித்திருக்கிறேன். அந்த அட்டைக்குரிய உடல் எங்காவது ஒரு பெட்டியில் அட்டையில்லாமல் கிடக்கலாம். இருந்தால் அதன் முதல் தாளில் அதே இடைவெளியில் இரண்டு துருக்கறை இருக்கும். அட்டையில்லாத 1943 இதழ் யார் விற்றாலும் இப்போது நான் முதலில் கேட்பது பின் துளைப் படத்தைத்தான். இதுவரை ஐந்து பேர் அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றும் பொருந்தவில்லை.